மூலச் சாதாரணர்

ரத்த ஓட்ட அளவியல் நிலையத்துக்குள் யாரும் யாருடைய மணிக்கட்டையும் பிடித்துப் பார்க்கக் கூடாது. அது அங்கே சட்டம். விரலால் நாடி பார்ப்பது அனுமானம், அனுமானம் மூடநம்பிக்கையின் தங்கை என்று இயக்குநர் வாசல் பளிங்கிலேயே செதுக்கி வைத்திருந்தார். புதிதாகக் கல்யாணமான இரண்டு ஊழியர்கள் சாப்பாட்டு இடைவேளையில் கை கோத்து நடந்ததற்காக விளக்கம் கேட்கப்பட்டு, இனி எங்கள் அன்பை முழங்கைக்கு மேலே வைத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்துத் தப்பித்தார்கள். இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் பெரியநாடி. அது அவருக்கும் தெரியும். புகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலையத்துக்குத்தான் டவுன் பஸ் டிரைவர் ஒருவர் தன் இடது காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். டிப்போவிலிருந்து டீக்கடை வரை நடந்தால் போதும், கெண்டைக்கால் கட்டையாக இறுகிக்கொள்ளும். நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கும். பாதம் எந்நேரமும் ஜில்லென்று இருந்தது. கட்டைவிரலில் ஒரு புண் வேறு, ஆறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. இடது கால் போனால் கிளட்ச் போச்சு, கிளட்ச் போனால் பிழைப்பு போச்சு. மனிதருக்கு அந்தப் பயம்தான் சோற்றை இறங்க விடாமல் செய்தது.

அவர் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். வாயும் அந்தச் சூட்டில்தான் இருக்கும். "பீடியை விட்டாச்சு. இப்ப காலையும் விட்டுடாதீங்க. போய்க் காட்டுங்க" என்று துரத்தி அனுப்பியிருந்தார்.

"ஓட்டம் எப்படி?" என்றாள் கவுன்ட்டர் பெண், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேலையைப் பற்றி விசாரிக்கிறாள் என்றுதான் டிரைவருக்குப் பட்டது. "ஸ்டேஷனுக்கும் மார்க்கெட்டுக்கும்மா."

"அதில்லீங்க. சாதாரண ஓட்டமா, எப்படி?"

"சாதாரணம்தாம்மா. எக்ஸ்பிரஸ் எல்லாம் சீனியர் ஆளுங்களுக்குத்தான் குடுப்பாங்க. நமக்கு ஆரம்பத்துல இருந்தே சாதாரணம்தான்."

"நடுவுல தடங்கல் ஏதாவது?"

"மார்க்கெட் சிக்னல்ல கொஞ்சம் நிக்கும். அது எல்லாருக்கும் நிக்கிறதுதானே."

கவுன்ட்டர் பெண்ணின் முகம் மலர்ந்தது. ஒப்பிட்டு அளக்க ஆரோக்கியமான ஆட்களைப் பிடித்து அனுப்பு என்று மேலே இருந்து நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியமானவன் ஆஸ்பத்திரிக்கு எதற்கு வரப் போகிறான்? இன்றைக்குத்தான் ஒருவர் தானாக வந்து, சாதாரணம் என்று தன் வாயாலேயே சொல்கிறார். தட்டினாள் ஒரு தட்டு. நோயாளிகளுக்குச் சிவப்பு வளையம், ஆரோக்கியசாலிகளுக்குப் பச்சை. டிரைவர் கையில் பச்சை ஏறியது.

"இல்லம்மா, காலு வலி..."

"அதெல்லாம் உள்ள போய்ச் சொல்லுங்க."

உள்ளே எதையும் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரியாது. அவள் உள்ளே போனதே இல்லை.

அளவெடுக்கும் அறையில் ஒரு சுவர்தான் இருந்தது, சுவரில் வட்டமாக ஒரு துவாரம். காலுக்குத் தொடை வரை துணி உறை மாட்டித் துவாரத்துக்குள் நீட்ட வேண்டும். அந்தப் பக்கம் மூடிய பெட்டிக்குள் கருவி தானே காலைக் கவ்விக்கொள்ளும். அளவெடுக்கும் பெண்ணும் காலைப் பார்க்கக் கூடாது. காலைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் தசமப் புள்ளி தவறும் என்பது பெரியநாடியின் கொள்கை.

"அம்மா, வலிக்குதும்மா" என்றார் டிரைவர் சுவரைப் பார்த்து.

"பேசாதீங்க" என்றது சுவர். "நீங்க சொல்றது என் காதுல விழுந்தா இந்த அளவைத் தூக்கிப் போட்டுடணும்."

"அப்ப எனக்கு என்னன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சா அது ஆராய்ச்சி இல்லையேங்க."

பெட்டிக்குள் கருவி காலைக் கவ்வியது.

அன்று சாயங்காலம் அந்த அளவைப் பார்த்த பெரியநாடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அதுவரை பச்சை வளையம் போட்டவர்கள் எல்லாம் ஊழியர்களின் மாமன் மச்சான்கள். அவர்கள் ரத்தம் திரையில் துள்ளித் துள்ளிக் கோடு போட்டது, ஒருவர் துள்ளலைப் போல இன்னொருவர் துள்ளல் இல்லை. டிரைவரின் கோடோ துள்ளவே இல்லை. லேசாக எழுந்து, அப்படியே சோர்ந்து படுத்திருந்தது. அடைபட்ட குழாயில் வரும் தண்ணீர் வேறெப்படி வரும்? ஆனால் வளையம் பச்சை. பச்சை என்றால் பச்சைதான்.

பெரியநாடி ஊழியர்களைக் கூட்டிப் பேசினார். "இத்தனை வருஷமா சாதாரணம்னா என்னன்னு தேடிட்டிருந்தோம். எல்லார் ரத்தமும் குதிக்குது. ஆளுக்கு ஒரு மாதிரி குதிக்குது. ஒழுங்கில்லை. இந்தக் கோட்டைப் பாருங்க. மேடு இல்ல, பள்ளம் இல்ல. கேள்வி கேக்காத ரத்தம். எனக்கு இப்படி ஊழியர்கள் கிடைச்சிருந்தா இந்த நிலையம் எங்கயோ போயிருக்கும்."

"எங்கயோ போயிருக்கும் சார்" என்றார் துணை இயக்குநர். தலையாட்டுவதற்கென்றே மேல்படிப்புப் படித்தவர் அவர்.

அன்று முதல் டிரைவர்தான் அளவுகோல். நிலையத்தின் கருவிகள் மட்டுமல்ல, நிலையத்தின் பேச்சைக் கேட்கும் ஆஸ்பத்திரிகள் அத்தனையின் கருவிகளும் அவருடைய இடது காலுக்கு ஏற்பத் திருத்தப்பட்டன. அவருக்கு மூலச் சாதாரணர் என்று பட்டம் கொடுத்து, தாழ்வாரத்தில் ஆளுயரப் படமும் மாட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர் செய்தியை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, நடுவில் ஓட்டை வைத்த காற்றுத் தலையணை ஒன்றோடு வந்து சேர்ந்தார். "மூலம்னு போட்டோ புடிச்சு மாட்டியிருக்காங்களாமே. வெளியில சொல்லிக்கிற வியாதியாய்யா அது?" என்று துக்கம் விசாரித்தார். டிரைவருக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. தலையணையை வாங்கி வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது. வாயிற்காவலருக்கு ஓட்டம் மிகை என்று கண்டுபிடித்தார்கள். தோட்டக்காரருக்கு மிகை. கால்பந்துக் குழு ஒன்று சான்றிதழுக்காக வந்தது, மொத்தக் குழுவையும் படுக்க வைத்துவிட்டார்கள். மிகை ஓட்டத்துக்கு மருந்தாகச் சமன்பட்டை என்று ஒன்றைச் செய்தார் பெரியநாடி. காலில் சுற்றிவிட்டால் அது தானே இறுகி, மூலச் சாதாரணரின் அளவுக்கு ஓட்டம் குறையும் வரை நெருக்கி, எவ்வளவு மடங்கு மிகையோ அதற்குத் தக்க நேரம் பிடித்திருந்து, பிறகு தானே விடும். முதலில் அதில் ஒரு நிறுத்தும் விசை இருந்தது. நோயாளிகள் அதை அழுத்தினார்கள். "வலிக்கிறவன் கையில விசையைக் குடுத்தா அழுத்தத்தான் செய்வான்" என்று பெரியநாடி விசையைப் பிடுங்கிவிட்டார். கரன்ட் போனால் நின்றுவிடக் கூடாதே என்று உள்ளே பேட்டரியும் வைத்தார். கையால் அவிழ்ப்பது, தெரிந்த விஷயம்தான், சட்டப்படி குற்றம்.

உண்மையிலேயே கால் குழாய் அடைத்து வந்தவர்களோ டிரைவரைப் போலவே இருந்தார்கள், ஆகவே சாதாரணம் என்றானார்கள். அவர்களுக்கு வாழ்த்துச் சான்றிதழ் கொடுத்து, கை குலுக்காமல், வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊரில் கால் நோயாளிகளே இல்லாமல் செய்ததற்காக நிலையத்துக்கு விருது வந்தது.

டிரைவர் மறுபடியும் மறுபடியும் போய் நின்றார். புண் பெரிதாகிவிட்டது. ஒருநாள் மனைவியே இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுக் கூட வந்தார். பெரியநாடி அவர்களை உட்கார வைத்து, மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க காலை நான் சரி பண்றேன்னு வெச்சுக்குங்க. என்ன ஆகும்? அளவு மாறும். இன்னைக்குச் சாதாரணமா இருக்கிற அத்தனை பேரும் ராத்திரியோட ராத்திரியா நோயாளி ஆயிடுவாங்க. அத்தனை பேரை நோயில தள்ளணுமா, உங்க ஒருத்தர் வலிக்காக? யோசிச்சுப் பாருங்க."

"விரல் கருத்துக்கிட்டு வருதுங்கய்யா" என்றார் மனைவி. "கண்ணால ஒரு தடவை பாருங்க. தொட வேணாம்."

"பார்க்க மாட்டேம்மா. பார்த்தா நான் விஞ்ஞானி இல்ல." பெரியநாடி துணை இயக்குநரிடம் திரும்பினார். "கருப்பு நிறத்தையும் சேர்த்துடுங்க. சாதாரணத்தோட வகைகள்ல."

சேர்த்துவிட்டார்கள்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே கணினியில் பெயரைத் தட்டியதும் மூலச் சாதாரணர் என்று வந்தது. எல்லாரும் எழுந்து நின்று, அவரோடு படம் எடுத்துக்கொண்டு, திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆஸ்பத்திரியிலும் படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் காய்ச்சல் கொளுத்த, வாடகைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போன இடத்தில், கணினி பழுதாகிக் கிடந்த புண்ணியத்தில், ஓர் அறுவைச் சிகிச்சை டாக்டர் கையுறையைக் கழற்றிப் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் முகத்தைச் சுளித்தார்.

"இங்க துடிப்பே இல்லையே. யாரு இத்தனை நாளாப் பார்த்தது?"

"யாரும் பார்க்கலைங்க" என்றார் மனைவி. "அளந்தாங்க."

"முன்னாடியே வந்திருந்தா அடைப்பை எடுத்துட்டு அனுப்பியிருப்பேன். இப்ப காலை எடுத்தாத்தான் ஆளைக் காப்பாத்தலாம்."

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடப்பதைப் பார்த்த டிரைவர், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அழுகை சில நாளில் நின்றது. அதன் இடத்தில் ஒரு கோபம் வந்து உட்கார்ந்தது. அது எழுந்து போகவே இல்லை. டிப்போவில் அவர் பெயரை அடித்து வேறு ஆளைப் போட்ட அன்று அது இன்னும் கெட்டியானது. செயற்கைக் கால் மாட்டி நடக்கப் பழகியதுகூட அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான்.

அந்தச் சமயத்தில்தான் சாதாரண தின விழாவுக்கு அழைப்பு வந்தது. வருஷா வருஷம் அன்றைக்கு மூலச் சாதாரணரின் காலை விருந்தினர் முன்னால் புதிதாக அளப்பார்கள். அந்த அளவுதான் அடுத்த வருஷம் முழுக்க எல்லாக் கருவிக்கும் கட்டளை. உடனே அதே மேடையில் பெரியநாடி தன் காலில் சமன்பட்டையைப் போட்டுக் காட்டுவார். போன வருஷம் அது லேசாக ஒரு பிடி பிடித்துவிட்டு விட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். டிரைவரும் தட்டினார், வேறு வழி தெரியாமல்.

"என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டு அங்க போறது? கிழிச்சுப் போடுங்க" என்றார் மனைவி.

"போகணும். நீயும் வா. நல்ல புடவையா எடுத்துக் கட்டிக்க."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு புடவைக்கு இஸ்திரி போட்டார்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் வெளிநாட்டு விருந்தினர்கள், விருது கொடுக்கும் பெரிய மனிதர்கள். பின்வரிசைகள் முழுக்க வாழ்த்துச் சான்றிதழ் வாங்கியவர்கள். நிலையத்தின் சாதனைக்குச் சாட்சியாக அவர்களையும் வருஷா வருஷம் கூட்டி வந்து உட்கார வைப்பது வழக்கம். சிலர் கைத்தடியோடு இருந்தார்கள். ஒருவருக்குப் பாதத்தில் கட்டு. எல்லாரும் சாதாரணம்.

மேடையில் துவாரச் சுவரையே கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். டிரைவர் வழக்கம்போல ஓரத்துத் தடுப்புக்குப் பின்னால் போய்த் துணி உறையை மாட்டிக்கொண்டு வந்தார். யாரும் காலைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது. துவாரத்துக்குள் நீட்டினார். விளிம்பில் பட்டு டொக்கென்று ஒரு சத்தம்.

சுவருக்கு அந்தப் பக்கம் அளவெடுக்கும் பெண்ணின் நாற்காலி நகர்ந்தது. டிரைவருக்கு வியர்த்தது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டாள் என்றால் எல்லாம் கெட்டது.

"சரிங்கண்ணா" என்றது சுவர், தாழ்ந்த குரலில். "அசையாம இருங்க." இத்தனை காலத்தில் அவள் அவரை அண்ணா என்று கூப்பிட்டதில்லை.

அளவு பதிவானது. பூஜ்ஜியம். கருவிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கீச்சென்று கத்தி, கட்டளையை ஏற்றுக்கொண்டன.

திரை பெரியநாடியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கருவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. மைக்கைப் பிடித்தபடி நாற்காலியில் சாய்ந்து, பட்டை சுற்றிய காலை நீட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"பலர் என்கிட்ட கேக்கறாங்க, நோயாளி வலிக்குதுன்னு சொன்னா என்ன பண்றதுன்னு. நான் சொல்றேன், வலி ஒரு கருத்து. கருத்துச் சுதந்திரம் வெளியில இருக்கு, இங்க இல்ல. இந்தப் பட்டை இப்ப என்னை நெருக்குது. நான் ஏதாவது சொல்றேனா? கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கு. போன வருஷத்தைவிடக் கொஞ்சம்... கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு. ஏம்ப்பா, எவ்வளவு நேரம் காட்டுது?"

எத்தனை மடங்கு மிகை என்று கணக்குப் போடப் பூஜ்ஜியத்தால் வகுக்கப் போய், கருவி முழித்துக்கொண்டு நின்றது.

துணை இயக்குநர் திரையைப் பார்த்தார். "எட்டு காட்டுது சார். எட்டு நிமிஷம்தான்."

பெரியநாடி கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "அது எட்டு இல்லய்யா. படுத்திருக்கு பாரு."

"எட்டு படுத்தா என்ன சார்?"

"முடிவே இல்லைன்னு அர்த்தம்யா மடையா. அவிழ்த்து விடு. வலிக்குது."

மைக் எல்லாவற்றையும் மண்டபம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. துணை இயக்குநர் கையை நீட்டினார், பாதியில் நிறுத்திக்கொண்டார். வருஷக்கணக்காகப் பழகிய கை அது.

"தொடக் கூடாதே சார்" என்றார் பணிவாக. "வலி கருத்துன்னு இப்பத்தான் சொன்னீங்க. நானும் தலையாட்டிட்டேன்."

"அப்ப மூலச் சாதாரணரை ரத்து பண்ணு. அளவுகோலே இல்லைன்னா பட்டை விட்டுடும்."

"காரணம் வேணும் சார். இயக்குநர் தன் வாயால மைக்கில சொல்லணும், நான் பதியணும். அப்பத்தான் எடுத்துக்கும். யாரும் உங்க அளவை ரத்து பண்ணிடக் கூடாதுன்னு நீங்கதான் அப்படி வெச்சீங்க."

பெரியநாடியின் நெற்றியில் வியர்வை வழிந்தது. கால் விரல்கள் நிறம் மாற ஆரம்பித்தன. டிரைவர் மேடையிலேயே மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்வானேன், அவருக்கு மனசு குளிர்ந்தது. எதிரே பரிசாரகர் தேநீர்த் தட்டோடு திகைத்து நின்றார். டிரைவர் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டார்.

"போதும்ங்க" என்றார் மனைவி காதருகே. "பாவம், கத்துறாரு."

"டீ சூடா இருக்கு. ஆறட்டும்."

ஆற்றி, நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு எழுந்தார். துணி உறையை உருவினார். பட்டியை அவிழ்த்துச் செயற்கைக் காலைக் கழற்றினார். மனைவியின் தோளைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் தத்திப் போய் அதைப் பெரியநாடியின் மடியில் வைத்தார், பிள்ளையைக் கொடுப்பதுபோலப் பதமாக.

"இதைத்தான் சார் இன்னைக்கு அளந்தீங்க. இதுல காரணம் இருக்கான்னு பாருங்க. தொட்டுப் பார்க்கலாம், இதுக்கு வலிக்காது."

 பெரியநாடி மடியில் இருந்ததைப் பார்த்தார். பார்க்கத்தான் வேண்டியிருந்தது. மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"இவர் சாதாரணர் இல்ல" என்றார்.

"எப்ப இருந்து சார்? கம்ப்யூட்டர் அதையும் கேக்குது" என்றார் துணை இயக்குநர், விசைப்பலகை மேல் விரலை வைத்துக்கொண்டு.

"ஆரம்பத்துல இருந்தே."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதான்னு கேக்குது சார்."

பட்டை இன்னொரு சுற்று இறுகியது. பெரியநாடி கண்ணை மூடிக்கொண்டு கத்தினார். "தெரியும்யா. அந்தம்மா விரல் கருத்துப்போச்சுன்னு சொன்ன அன்னைக்கே தெரியும். இவர் நோயாளின்னா இவரை வெச்சு அளந்து வீட்டுக்கு அனுப்பின அத்தனை பேரும் நோயாளி. விருதைத் திருப்பித் தரச் சொல்லுவான். யாரு சொல்லுவா அதை வெளியில?"

பதிவு ஆனது. பட்டை பெருமூச்சு விட்டுத் தளர்ந்தது. முன்வரிசைக்காரர்கள் எழுந்து, அவரவர் அடுத்த வேலையை நினைத்துக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினார்கள். துணை இயக்குநர் அவர்களுக்கு நடுவில் இருந்தார்.

பின்வரிசைகளில் யாரும் கிளம்பவில்லை. முதலில் பாதத்தில் கட்டுப் போட்டவர் எழுந்தார். அடுத்து ஒரு கைத்தடி. பிறகு வரிசை வரிசையாக எழுந்து, நடுப்பாதையில் இறங்கி, மேடையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச தூரம் வந்ததும் கெண்டைக்கால் இறுகிக்கொள்ள, நாற்காலி முதுகுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வலி விட்டதும் மறுபடி நடந்தார்கள்.

பெரியநாடி எழப் பார்த்தார். மரத்துப்போன கால் தரையில் ஊன்றவே இல்லை, பொத்தென்று நாற்காலியில் விழுந்தார். "கொஞ்சம் கையைக் குடுங்களேன்" என்று டிரைவரைப் பார்த்துக் கேட்டார்.

டிரைவர் தன் காலை அவர் மடியிலிருந்து எடுத்து, பட்டியை இழுத்து மாட்டிக்கொண்டார். கைத்தடிகளின் சத்தம் மேடைப் படிக்கட்டுக்கு வந்துவிட்டது. வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டாமென்று, மனைவியின் நாற்காலியையும் தன் நாற்காலியையும் ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.